காரணம் எழுதும் கட்டம்

புங்குடுதீவு மடத்துவெளியில் கிணறு இல்லாத வளவு கிடையாது. ஆனால் அநேகமான கிணறுகளில் ஊறுவது உவர்த் தண்ணீர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாயில் வைக்க முடியாது. குடிதண்ணீர் திங்களும் வியாழனும் பவுசரில், தாங்கி பொருத்திய லொறியில், வரும். ஒரு தடவைக்கு ஆறாயிரம் லீற்றர். எடுப்பவை அறுபத்து மூன்று வீடுகள். வீட்டுக்கு இருபது லீற்றர் கான் நான்கு என்று பங்கிட்டால் கடைசியில் நாற்பத்தெட்டுக் கான் மிஞ்சும். அந்த நாற்பத்தெட்டுக் கானுக்குத்தான் ஊரில் அத்தனை வாக்குவாதமும்.

தண்ணீர்க் குழுவின் தலைவர் தியாகலிங்கம் இந்தப் பங்கீட்டை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு திரிந்தவர். ஒரு மாரிக்காலத்தில் கொப்பி நனைந்து, யார் யாருக்கு எவ்வளவு என்பது ஒரே நீலக் கறையாகப் போனது. அன்றைக்கு அவர் மகளிடம் வந்து நின்றார்.

"பிள்ளை, உந்தக் கொம்பியூட்டரில இதுக்கு ஒண்டும் செய்யேலாதோ?"

மகள் நிலாந்தினிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வவுனியாவில் பிறந்து, ஏழு வயதில் பெற்றோருடன் ஊருக்குத் திரும்பியவள். மென்பொருள் படித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். கிழமையில் இரண்டு நாள் குறிகட்டுவான் பஸ்ஸில் போய் வருவாள். மற்ற நாட்களில் குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்து வேலை. வீட்டில் அங்கேதான் சிக்னல் ஒழுங்காக எடுக்கும். சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். ஒரு வேலையைத் தொட்டால் அதை முடிக்கும்வரை எழும்பமாட்டாள். முடித்துவிட்டால் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். இந்த இரண்டாவது குணம்தான் அவளை மாட்டிவிட்டது.

இரண்டு சனி ஞாயிறுகளில் செய்து முடித்தாள். கைபேசியைத் திறந்தால் இன்றைக்கு எந்த வீட்டுக்கு எத்தனை கான், பவுசர் எத்தனை மணிக்கு வரும் என்று தெரியும். கைபேசி இல்லாதவர்களுக்காக வாசிகசாலையில் இருந்த ரீவியிலும் அதே பட்டியல் ஓடியது. வாசிகசாலையைப் பார்த்துக்கொண்ட விஸ்வலிங்கம், ஓய்வுபெற்ற தபால் அதிபர், காலையில் பேப்பர் வந்தவுடன் ரீவியைப் போட்டுவிடுவார்.

ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் பெயர், கான் எண்ணிக்கை, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, பிறந்த ஆண்டு என்று பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் பதிவில் இருந்தன. இந்தப் பதிவு கைபேசிக்கும் ரீவிக்கும் போகவேண்டுமானால், அதை ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றி அனுப்பவேண்டும். மாற்றும் இடத்தில் நிலாந்தினி ஒரு வரி எழுதியிருந்தாள்: அடையாள அட்டை, தொலைபேசி, பிறந்த ஆண்டு, இந்த மூன்றையும் விட்டுவிடு. மிச்சமெல்லாம் போகும். அந்த நேரத்தில் அது போதுமாக இருந்தது.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அடுத்த ஜூலை, வறட்சி நேரம், தியாகலிங்கம் இன்னொரு கோரிக்கையுடன் வந்தார்.

"மேலதிகமாக் கேக்கிறவை காரணம் எழுதட்டும். சும்மா கேக்கிறவையும் இருக்கினம். நான் பாத்துத் தீர்மானிக்கிறன்."

"நீங்கள் மட்டும்தானே பாப்பியள்?"

"நான் மட்டும்தான்."

நிலாந்தினி 'காரணம்' என்று ஒரு புதிய கட்டம் சேர்த்தாள். அதன் கீழே, "இதைக் குழுத் தலைவர் மட்டுமே பார்ப்பார்" என்று தன் கையாலேயே எழுதினாள். தன் கைபேசியில் திறந்து பார்த்தாள். பட்டியலில் பெயரும் கானும் மட்டும் தெரிந்தன. திருப்தியோடு மூடிவிட்டாள். விட்டுவிடவேண்டியவை என்று முந்தி எழுதிய அந்த வரியில் நாலாவதாகக் 'காரணம்' என்று சேர்க்க அவள் மறந்திருந்தாள். கைபேசிப் பக்கம் தனக்கு வருவதில் குறித்த சிலவற்றை மட்டும் காட்டும்படி செய்யப்பட்டது. ரீவிப் பக்கமோ அவசரத்தில் செய்தது. வருகிற கட்டம் எதுவோ அத்தனையையும் அது வரிசையாகக் காட்டும்.

திங்கட்கிழமை காலை. நிலாந்தினி யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் இருந்தாள். பஸ் வேலணையைத் தாண்டி மண்கும்பானை நெருங்கும்போது விஸ்வலிங்கத்தின் அழைப்பு வந்தது.

"பிள்ளை, எங்கை நிக்கிறாய்?"

"பஸ்ஸில, மாமா."

"ரீவியில குருபரன் மாஸ்டரின்ர தலைமயிர் நிக்குது."

"என்ன?"

"தலைமயிருக்குப் பூசுற மை. 'கிணத்துத் தண்ணியில கழுவினால் மை செம்பட்டையாப் போகுது, இரண்டு கான் கூடத் தேவை' எண்டு அவரின்ர பேருக்குப் பக்கத்தில பெரிய எழுத்தில நிக்குது. மாஸ்டர் இஞ்சைதான் பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருந்தவர்."

நிலாந்தினி இருக்கையிலிருந்து எழும்பிவிட்டாள். "மாமா, ரீவியை நிப்பாட்டுங்கோ!"

"ரிமோட் கிடைக்கேல்லை. வயரைப் பிடுங்கிப்போட்டன். ஆனால் பத்து நிமிசம் ஓடிட்டுது. வாசிச்சவை வாசிச்சிட்டினம்." அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "என்ர விசயமும் வெளியில போட்டுது. அது பரவாயில்லை."

மண்கும்பானில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். தரிப்பிடத்து நிழலில் இருந்து மடிக்கணினியைத் திறந்து, கைபேசியின் இணைப்பில் முதலில் எல்லாவற்றையும் நிறுத்தினாள். பிறகு எது எது வெளியே போனது என்று பார்ப்பதற்காகப் பதிவைத் திறந்தாள். பத்தொன்பது வீட்டார் காரணம் எழுதியிருந்தார்கள். அவற்றை அவள் அதுவரை வாசித்ததில்லை.

விஸ்வலிங்கம் எழுதியிருந்தது: "மனுசி கொழும்பில் மகளிடம் போயிருக்கிறா. அவ வருமுன் சமையல் பழகுகிறேன். சட்டி அடிக்கடி கருகுவதால் கழுவத் தண்ணீர் கூடத் தேவை." ஊருக்கு அவர் சொல்லியிருந்தது, கடைச் சாப்பாடுதான் தனக்கு ஒத்துவருகிறது என்று.

கடற்கரைப் பக்கத்துச் சூசையம்மா, தெருநாய்களைப் பிடிக்கவேண்டும் என்று எல்லாக் கூட்டத்திலும் எழும்பி நின்று சத்தம் போடுபவர், எழுதியிருந்தது: "வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் ஒரு நாய் ஏழு குட்டி போட்டுவிட்டது. உப்புத் தண்ணி குடிக்குதுகள் இல்லை."

நிலாந்தினிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அடுத்ததை வாசித்ததும் நின்றுவிட்டது.

"எனக்கு மூன்று மாதம். கலியாணமாகிப் பதினொரு வருடத்துக்குப் பிறகு. வாளி தூக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நடந்துபோய் அள்ள முடியாது. தயவுசெய்து ஒருவருக்கும் சொல்லாதேயுங்கோ. என் அம்மாவுக்கே சொல்லவில்லை."

எழுதியவள் பைரவி. குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் ஹரிஷனின் மனைவி. நிலாந்தினியின் வீட்டிலிருந்து ஐந்தாவது வளவு.

திரும்பிப் போகும் பஸ் வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் அவள் தன்னோடு வேலை செய்யும் சர்மிதாவை அழைத்து, இன்றைக்கு வரமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு நடந்ததைச் சொன்னாள். சர்மிதா, "வீட்டை போய்ச் சேர்ந்தவுடனை எனக்குக் கோல் எடும். இரண்டு பேருமா இருந்து பாப்பம்" என்றாள்.

வீட்டு வாசலில் தியாகலிங்கம் நின்றார். அவருக்கும் விசயம் எட்டியிருந்தது.

"நான் பைரவியக்கா வீட்டை போட்டு வாறன், அப்பா."

"எதுக்கு? பட்டியல் நீளம். அவளின்ர பேர் கடைசிப் பக்கம். வாசிகசாலையில ஆரும் அவளைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. எல்லாரும் மாஸ்டரின்ர மையைப் பற்றித்தான் கதைக்கினம். நீயாப் போய்ச் சொன்னால்தான் அவளுக்குத் தெரியவரும்."

"மற்றவையின்ர வாயால தெரியவந்தால்?"

"வராது எண்டுறன்."

"அப்பா, 'தலைவர் மட்டும் பாப்பார்' எண்டு எழுதினது நான். அவ அதை நம்பித்தான் எழுதினவ."

தியாகலிங்கம் படலையைத் திறந்து விலகி நின்றார்.

பைரவி குசினியில் கதிரையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிலாந்தினி வரும் வழியில் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. நின்றபடியே சொன்னாள்: நான் செய்த பிழை, நீங்கள் எழுதினது இன்று காலை வாசிகசாலை ரீவியில் பத்து நிமிடம் ஓடியது, யார் வாசித்தார்கள் என்று தெரியாது.

பைரவியின் கை நின்றது.

"எத்தினை பேர் இருந்தவையாம்?"

"பத்துப் பன்னிரண்டு பேர், அக்கா."

பைரவி கீரைத் தண்டு ஒன்றை எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள்.

"முந்தி இரண்டு தரம் எனக்கு இப்பிடி வந்து போனது உமக்குத் தெரியும்தானே. இரண்டாம் தரம் நாலாம் மாதம். எல்லாருக்கும் சொல்லி, பலகாரமும் செய்து குடுத்தனாங்கள். பிறகு ஒவ்வொருத்தரா வந்து விசாரிச்சினம். ஒவ்வொருத்தருக்கும் நான் முதல்ல இருந்து சொல்லவேணும். பிள்ளை போனதை விட எனக்கு அதுதான் தாங்கேலாமல் கிடந்தது. அதாலைதான் இந்த முறை வயிறு தெரியும்வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை எண்டு இவரும் நானும் முடிவெடுத்தனாங்கள்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா."

"நீர் வந்து சொன்னது நல்லது. ஆனால் நான் இப்ப சரியான கோவத்தில இருக்கிறன். நீர் போம். கோவம் ஆறினால் நானே கூப்பிடுறன்."

நிலாந்தினி போனாள். அழுதுகொண்டு போனாள் என்றுதான் சொல்லவேண்டும்.

மத்தியானத்துக்குப் பிறகு சர்மிதாவுடன் காணொளியில் இருந்து வேலையைத் தொடங்கினாள். சர்மிதா பழைய வரியைப் பார்த்தவுடன் சொன்னாள்: "நீர் எதை அனுப்பக்கூடாது எண்டு எழுதியிருக்கிறீர். நாளைக்குப் புதுசா ஒண்டு சேர்த்தால் அது தன்பாட்டில வெளியில போகும்."

"தெரியும். எதை அனுப்பலாம் எண்டுதான் எழுதியிருக்கவேணும். சோம்பல்."

அந்த வரியை அழித்தாள். அதற்குப் பதிலாக, போகக்கூடியவற்றை மட்டும் எழுதினாள்: வீட்டுப் பெயர், கான் எண்ணிக்கை, நேரம். இந்த மூன்றைத் தவிர வேறு எது பதிவில் சேர்ந்தாலும், யாராவது அதை வேண்டுமென்றே இந்தப் பட்டியலில் எழுதினாலொழிய அது வெளியே போகாது. காரணம் எழுதும் கட்டத்தைத் தனி இடத்துக்கு மாற்றி, தலைவரின் கைபேசிக்கு மட்டும் போகும்படி செய்தாள். அவர் தீர்மானித்து முடித்ததும் அது அழிந்துவிடும். ஊரிலுள்ள கைபேசிகளில் ஏற்கனவே வந்து தங்கியிருந்த பழைய பட்டியலையும் அழிக்க வழி செய்தாள். நாலாவது கட்டம் ஒன்று தப்பித் தவறி வெளியே போனால் உடனே சிவப்பில் கத்தும் ஒரு சோதனையும் எழுதினாள். பின்னேரத் தேத்தண்ணி நேரமாகியும் அவள் எழும்பவில்லை.

தாய் இராசேஸ்வரி தேத்தண்ணியைக் கொண்டு அறை வாசலுக்கு வந்தபோது, உள்ளே மகள் சர்மிதாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"பிழை என்னில. ஜேசனை நம்பி எல்லாத்தையும் குடுத்திட்டன். இனி ஜேசனுக்குத் தேவையானதை மட்டும்தான் குடுக்கிறது."

இராசேஸ்வரி தேத்தண்ணியோடு திரும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். சிறிது நேரத்தில் தியாகலிங்கம் வந்து அறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். அவருக்குப் பின்னால் இராசேஸ்வரி.

"பிள்ளை, நாங்கள் ஒண்டும் ஏசமாட்டம். ஆர் உந்த ஜேசன்?"

நிலாந்தினிக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. காணொளியில் சர்மிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேதக்காரப் பெடியனோ? சேர்ச்சுக்குப் போறவனோ?" என்றாள் இராசேஸ்வரி. "எந்த ஊர்? ஊர்காவற்றுறையோ? வேதமெண்டாலும் பரவாயில்லை, நீ அழுதுகொண்டு இருக்கிறதைத்தான் பாக்கேலாது."

அன்று முழுவதும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். ஜேசன் என்பது ஆள் அல்ல, ஒரு எழுத்து முறை என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்தது. எல்லாம் கேட்ட பிறகு இராசேஸ்வரி கொஞ்சம் ஏமாற்றத்தோடு, "பெடியன் இல்லையெண்டால் பிறகேன் அவனுக்குப் பேர்?" என்றாள்.

வியாழக்கிழமை காலை பேப்பர் வாசிக்கும் நேரத்தில் நிலாந்தினி வாசிகசாலைக்குப் போனாள். ரீவி ஓடவில்லை. இருந்தவர்களுக்கு முன்னால் எழும்பி நின்று, பிழை தன்னுடையது, குழுவினுடையது அல்ல, இனி வெளியே போகாதபடி திருத்திவிட்டேன், என்னை மன்னிக்கவேண்டும் என்று சொன்னாள். ஒருவரின் பெயரையும் சொல்லவில்லை.

முதலில் கதைத்தவர் குருபரன் மாஸ்டர். ஊர்ப் பாடசாலையின் உப அதிபர். தொப்பியைக் கழற்றினார். தலை ஓரங்களில் வெள்ளை எட்டிப்பார்த்தது.

"பதினெட்டு வருசமா மூண்டு கிழமைக்கொருக்கா இந்தப் பாடு. இனி விட்டாச்சு. பிள்ளை, உமக்கு நான்தான் நன்றி சொல்லவேணும். என்ர இரண்டு கானையும் ஆருக்கும் குடுங்கோ."

"எனக்குத் தாருங்கோ," என்றார் சூசையம்மா உடனே. "குட்டியள் வளர்ந்திட்டுதுகள்."

அந்த ஏழு குட்டிகளும் ஒரு மாதத்துக்குள் ஏழு வீடுகளுக்குப் போயின. ஒன்றைத் தியாகலிங்கமே எடுத்தார். விஸ்வலிங்கத்தின் கதை வேறு. அவர் சமைக்கிறார் என்று தெரிந்த பிறகு, மத்தியானத்தில் வாசிகசாலைக்கு வருகிறவர்களின் தொகை கூடியது. கருகிய பருப்பில் தொடங்கி, இரண்டு மாதத்தில் நண்டுக் குழம்பு வரைக்கும் வந்தார். மனைவி சிவயோகம் கொழும்பிலிருந்து வந்து இறங்கிய அன்று, சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆர் வந்து சமைச்சது?" என்று கேட்டாராம். அவர் இலையைப் போட்டாராம்.

இவற்றையெல்லாம் ஊர் வாய் ஓயாமல் கதைத்தது. பைரவியைப் பற்றி ஒரு மூச்சும் இல்லை. அப்பா சொன்னது சரிதான், அந்தப் பக்கத்தை ஒருவரும் வாசிக்கவில்லை என்று நிலாந்தினி நினைத்துக்கொண்டாள். மனது கொஞ்சம் இலேசானது. ஆனால் பைரவி கூப்பிடவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தத் திங்களுக்குப் பிறகு மூன்றாவது கிழமை கூப்பிட்டாள்.

"நிலா, நீர் ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை அக்கா! சத்தியமா இல்லை."

"அப்ப சரி. எல்லாருக்கும் தெரியும்." மறுமுனையில் பைரவி சிரித்துக்கொண்டிருந்தாள். "இஞ்சை ஒருக்கா வாரும்."

நிலாந்தினி ஓட்டமும் நடையுமாகப் போனாள். பைரவி அவளைக் கதிரையில் இருத்தி, கையில் தேத்தண்ணியையும் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பவுசர் ஓட்டும் வசீகரன் முந்தியெல்லாம் படலையடியில் கானை இறக்கிவிட்டு ஹோர்ன் அடித்துவிட்டுப் போகிறவன். இப்போது குசினிவரை தூக்கிவந்து, மூடியைத் திறந்து பானையில் ஊற்றிவிட்டுப் போகிறான். ஏன் என்று கேட்டதற்கு, "புதுச் சட்டம், அக்கா. இந்த ஒழுங்கை வீடுகளுக்கு மட்டும்" என்றானாம். படலைக்கு முன்னால் இருந்த பள்ளத்தைக் குருபரன் மாஸ்டர் இரண்டு ஆளைக் கொண்டுவந்து கிரவல் போட்டு நிரப்பியிருக்கிறார். தன்னுடைய சைக்கிள் அதில் விழுகிறதாம். மாஸ்டர் இந்த ஒழுங்கையால் போனதை ஹரிஷன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. ஒன்றைவிட்டு ஒரு நாள் சூசையம்மாவின் முருங்கையிலை மதிலில் இருக்கிறது. விஸ்வலிங்கம் மாமா, "நெல்லிரசம் கூடிப்போச்சு, வீணாக்கேலாது" என்று போத்தலில் கொண்டுவந்து தந்தார்.

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கினம் இல்லை, நிலா. முகத்தைக்கூடப் பாக்கினம் இல்லை. சாமானை வைச்சிட்டு ஓடினம். தாங்கள் மட்டும்தான் வாசிச்சது எண்டு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கொண்டு இருக்கினம் போல. மற்றவைக்குத் தெரியவரக்கூடாதெண்டு அவையள் படுற பாடு!"

"அக்காவுக்குக் கோவம் ஆறிட்டுதோ?"

"ஆறிட்டுது. பயமும் கொஞ்சம் ஆறிட்டுது, அதுதான் எனக்கே புதினமாக் கிடக்கு." பைரவி வயிற்றில் கையை வைத்தாள். "போன தரம் சொல்லிப்போட்டுப் பயந்தனான். இந்த முறை சொல்லாமலே இத்தினை பேர் காவல் நிக்கினம்."

அன்றிரவு பைரவி தன் தாய்க்குத் தொலைபேசியில் சொன்னாள். ஊரவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. அவர்கள் ஒளித்து ஒளித்துச் செய்வதைப் பார்ப்பதற்காகவே இன்னும் கொஞ்ச நாள் இழுத்ததாகப் பிறகு ஒத்துக்கொண்டாள்.

ஒக்டோபரில் வாசிகசாலையில் நவராத்திரி வாணி விழா. பைரவிக்கு அப்போது ஆறு மாதம். சேலைத் தலைப்பை எப்படி இழுத்துப் போட்டாலும் மறைக்க முடியாத வயிறு. அந்த வயிற்றோடு அவள் வாசலால் வர, இருந்த முப்பது பேரும் கூரையையும் கும்பத்தையும் அவல் தட்டையும் பார்த்தார்கள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. நிலாந்தினி ஒரு மூலையில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து சுண்டல் கொடுக்கும் நேரம் ஹரிஷன் எழும்பினான். நாலு பேருக்கு முன்னால் கதைத்துப் பழக்கமில்லாதவன். கையில் கிறீஸ் கறை கழுவியும் போகாமல் இருந்தது.

"எல்லாருக்கும் ஒரு விசயம் சொல்லவேணும். நானும் பைரவியும்…"

"என்ன! உண்மையாவோ!" என்று கத்தினார் குருபரன் மாஸ்டர்.

மண்டபம் அப்படியே நின்றது. ஹரிஷன் வாயைத் திறந்தபடி மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டரின் வெள்ளைத் தலைக்குக் கீழே முகம் சிவந்து போனது.

"மாஸ்டர், அவன் இன்னும் சொல்லேல்லை," என்றார் விஸ்வலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீர் என்னெண்டு கண்டனீர் அவன் என்ன சொல்லப்போறான் எண்டு?" என்று திருப்பிக் கேட்டார் மாஸ்டர்.

"நான்… நான் எங்கை கண்டனான்…"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் சூசையம்மாவைப் பார்த்தார்கள். சூசையம்மா மடியிலிருந்த பையை மூடப் பார்த்தார். அவசரத்தில் பை சரிந்து, அதற்குள்ளிருந்து கம்பளி நூலில் பின்னிய சின்னஞ்சிறு தொப்பி ஒன்று விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மொத்தம் ஆறு. மஞ்சள், பச்சை, வெள்ளை.

முதலில் சிரித்தது பைரவிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு மண்டபத்தில் யாராலும் அடக்க முடியவில்லை. பவுசர் வசீகரன் சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்தான். அன்றைக்குத்தான் ஒவ்வொருவராக வாயைத் திறந்து கணக்கெடுத்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கடைசிப் பக்கத்தை வாசித்தவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரும் வீட்டில் மனைவிக்கோ கணவனுக்கோ கூடச் சொல்லவில்லை. மூன்று மாதம், புங்குடுதீவில்! தியாகலிங்கம் இதை நம்பமுடியாமல் இரண்டு தரம் எண்ணினார்.

"மாஸ்டர், நீங்கள் வகுப்பில ஒரு பகிடியைக்கூட அடக்கி வைக்கமாட்டியளே," என்றாள் நிலாந்தினி. "இதை என்னெண்டு அடக்கினனீங்கள்?"

மாஸ்டர் சுண்டலை வாயில் போட்டார். "என்ர மையைப் பற்றி ஊர் சிரிக்கேக்கை நான் கூடவே சிரிச்சனான். ஏனெண்டால், அவையள் அதைக் கதைச்சுக்கொண்டு இருக்குமட்டும் மற்றதைக் கதைக்காயினம் எண்டு நினைச்சனான்." அவர் மென்று விழுங்கினார். "சில வேளை நானே தொடக்கிவிட்டிருக்கிறன், தெரியுமோ?"

நிலாந்தினி அவரைப் பார்த்தாள். மாஸ்டர் சுண்டல் தட்டுக்குத் திரும்பக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஜனவரி நடுவில் யாழ்ப்பாணத்தில் பைரவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேல் நிறை, நல்ல சத்தம். ஹரிஷன் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே நிலாந்தினியை அழைத்தான்.

"நிலா, வாசிகசாலை ரீவியில போடேலுமோ? எல்லாக் கட்டமும் போடும். நிறை, நேரம், எல்லாம்."

"அக்காவிட்டைக் கேட்டனீங்களோ, அண்ணை?"

"அவதான் உமக்குக் கோல் எடுக்கச் சொன்னவ."

அன்று முழுவதும் அது ரீவியில் ஓடியது. விஸ்வலிங்கம் பின்னேரம்வரை நிறுத்தவில்லை.

பங்குனியில் நெடுந்தீவிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அங்கேயும் இப்படி ஒன்று வேண்டுமாம். நிலாந்தினி குறிகட்டுவானில் வள்ளம் ஏறினாள். கடல் கொஞ்சம் குழம்பியிருந்தது. ஒரு மணித்தியாலம் கம்பியைப் பிடித்தபடி நின்று, நனைந்த சட்டையோடு இறங்கினாள். துறையில் அந்த ஊர்த் தண்ணீர்க் குழுத் தலைவி யூலியானா குடையோடு நின்றார். அறுபதை நெருங்கும், உயரமான, அவசரமே இல்லாத மனுசி.

வீட்டு மாமரத்தின் கீழ் மேசையைப் போட்டு இருந்து கதைத்தார்கள். யூலியானா, எங்கள் ஊரில் ஒளிப்பு மறைப்பு ஒன்றும் கிடையாது, எல்லாவற்றையும் காட்டலாம் என்றார்.

"அப்பிடியே இருக்கட்டும், அக்கா," என்றாள் நிலாந்தினி. "ஆனால் நான் ஒண்டுமில்லாததில இருந்து தொடங்கிறன். என்ன என்ன வெளியில போகலாம் எண்டு நீங்கள் ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ. சொல்லுறதை மட்டும் எழுதுறன்."

யூலியானா யோசித்தார். வீட்டுப் பெயர் என்றார். எண்ணிக்கை என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேறை என்னத்துக்கு?" என்றார்.

நிலாந்தினி இரண்டையும் எழுதிவிட்டு மடிக்கணினியை மூடினாள். குசினிக்குள் இருந்து பொரித்த மீன் வாசம் வந்தது. மத்தியான வள்ளம் போய்விட்டது, அடுத்தது பின்னேரம்தான், ஆறுதலாகச் சாப்பிடலாம் என்றார் யூலியானா. அவளுக்கும் நல்ல பசி.